அண்ணி பார்த்த பச்சைக் கார்

என் அண்ணி கார்களை மேலிருந்து பார்ப்பதில்லை. வாகனச் சோதனை நிலையத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை. ஆளுயரப் பள்ளத்துக்குள் நின்றுகொண்டு, தலைக்கு மேல் வந்து நிற்கும் வண்டிகளின் அடிவயிற்றில் டார்ச் அடித்துப் பார்ப்பாள், சின்னச் சுத்தியலால் தட்டிக் கேட்பாள், பழுது கண்ட இடத்தில் மஞ்சள் சாக்கட்டியால் வட்டம் போடுவாள். தெருவில் யாராவது புதுக் கார் வாங்கிவந்து காட்டினால் நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது. குனிந்து பார்த்துவிட்டு "பரவாயில்ல" என்பாள். அந்தப் பரவாயில்லைக்குத் தவம் கிடக்கிறவர்கள் உண்டு.

அண்ணன் பஸ் ஓட்டியவன். முப்பத்தொரு வருஷத்தில் ஒரு விபத்து கிடையாது. ஓய்வுபெற்ற மறுமாதமே அவனைப் பிடித்தது அந்த ஆசை: கூரையை மடக்கிப் பின்னால் தள்ளிவிட்டு ஓட்டுகிற, இரண்டே சீட் உள்ள ஸ்போர்ட்ஸ் கார். இத்தனை நாள் அறுபது பேர் விட்ட மூச்சை இழுத்துக்கொண்டு ஓட்டினேன், இனிமேல் காற்றை இழுத்துக்கொண்டு ஓட்டுகிறேன் என்றான். புதிது வாங்க வழியில்லை. விளம்பரத்தில் ஒரு பழைய பச்சைக் கார் அகப்பட்டது. அண்ணியைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஊருக்குப் பின்னால் ஏறும் மலைப்பாதையில் உச்சி வரை போய்வர வேண்டும். அந்த நினைப்பிலேயே பாதிநாள் சப்புக்கொட்டிக்கொண்டிருந்தான்.

நான் அப்போது ஒரு மாத லீவில் வந்திருந்தேன். அந்தக் கார் நான் வேலை பார்க்கும் நாட்டிலிருந்து இறக்குமதியானது. அதன் சர்வீஸ் புத்தகம் முழுக்க அந்த நாட்டு மொழியில் இருந்ததால், படித்துச் சொல்ல என்னையும் இழுத்துக்கொண்டு போனார்கள்.

விற்பவர் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். வீட்டுக்குப் பின்புறத்தில் தார்ப்பாயை விலக்கிக் காட்டினார். அழகான கார் என்று நானே சொல்வேன். ஆனால் பக்கத்தில் போனதும் புது பெயின்ட் வாசனையும் அதற்கு அடியில் வேறு ஏதோ ஒரு வாசனையும் அடித்தன. நீண்ட நாள் மூடிக்கிடந்த அலமாரியைத் திறந்தால் வருமே, அது. மாடி ஜன்னலில் ஒரு பெண் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் நிமிர்ந்ததும் திரைச்சீலையை இழுத்துவிட்டாள்.

அண்ணி முதலில் சீட் பெல்ட்டுகளை வெளியே உருவிப் பார்த்தாள். தையலுக்கு அடியில், அவை எந்த வருஷம் செய்யப்பட்டவை என்று ஒரு துணிச்சீட்டு இருக்கும். ஓட்டுகிறவர் பக்கத்துப் பெல்ட்டுக்குக் காரின் வயசு. மற்றப் பக்கத்துப் பெல்ட் ஆறு வருஷம் இளையது; பெரும்பாலும் விபத்தில் ஆளோடு இழுபட்ட பெல்ட்டைத்தான் மாற்றுவார்கள்.

"இந்தப் பக்கம் யார் உட்காருவாங்க?" என்று கேட்டாள்.

கண்ணாடிக் கடைக்காரர் பிடிகொடுக்காமல், டயர்கள் புதுசு என்றார்.

நான் சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். எண்ணெய் மாற்றியது, பிரேக் மாற்றியது என்று எல்லாம் வழக்கமானவைதான். ஒன்று மட்டும் திரும்பத் திரும்ப வந்தது. ஒன்றரை வருஷத்துக்குள் மூன்று முறை, கதவுகள் இரண்டும் சரியாகச் சாத்தவில்லை என்று திருகாணிகளைத் தளர்த்தி நகர்த்திப் பொருத்தியிருக்கிறார்கள். சின்ன வேலைதானே என்று நினைத்து, கடைசியில் போனால் போகிறதென்று அதையும் படித்தேன். அண்ணியின் முகம் சுண்டிப்போனது.

"தம்பி, அத இன்னொரு தடவ படிங்க."

படித்தேன். காரில் இருந்த ஜாக்கியை எடுத்துவரச் சொன்னாள். சாதாரணக் காருக்குக் கூரையும் சேர்ந்து பலம் கொடுக்கும். இதற்குக் கூரை வெறும் துணி. முன்பாதியையும் பின்பாதியையும் சேர்த்துப் பிடிப்பது கதவுகளுக்குக் கீழே ஓடும் இரண்டு இரும்புச் சட்டங்கள்தான். அவள் ஜாக்கியைச் சட்டத்தின் நடுவில் வைத்துத் தூக்கிவிட்டு, என்னைக் கதவைச் சாத்தச் சொன்னாள். சற்றுமுன் விரலால் தள்ளியே மூடிய கதவு, இப்போது மேல் விளிம்பில் இடித்துத் திரும்பி வந்தது. மறுபடி தள்ளினேன். மறுபடியும் வந்தது.

அண்ணி சாக்கைத் தரையில் விரித்து மல்லாந்து உள்ளே நகர்ந்தாள். சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. டங், டங், டங். பிறகு மண்சுவரில் தட்டினாற்போல ஒரு தொப். வெளியே வந்தபோது அவள் விரல்களில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. இரண்டு வெவ்வேறு கார்களின் பாதிகளை ஒட்டவைத்திருக்கிறார்கள், ஒட்டு விரிசல் விட்டிருக்கிறது என்றாள்.

பழைய வண்டி என்றால் அப்படி இப்படி இருக்கத்தான் செய்யும் என்றார் கடைக்காரர். அண்ணியின் சின்னக் கார் சர்வீஸுக்குப் போயிருந்தது; பஸ்ஸில் வீடு வரும்வரை அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தான். நான்தான் ஏதேதோ பேசினேன். அந்த மாடி ஜன்னலைப் பற்றிப் பேச வேண்டும் என்று நாக்கு நுனி வரை வந்தது, பேசவில்லை.

எட்டாம் நாள் அதே காருக்கு மறுபடி விளம்பரம் வந்தது. இந்தத் தடவை அடிப்பகுதியின் படமும் போட்டிருந்தார்கள். தாரடித்த மாதிரி கருகருவென்று, குழந்தையின் கன்னம் போல வழவழப்பாக இருந்தது. அண்ணி என் கையிலிருந்த போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கி, ரொம்ப நேரம் பார்த்தாள்.

"ஒவ்வொண்ணுக்கும் வட்டம் போட்டுக் குடுத்துட்டு வந்திருக்கேன்" என்றாள். "எங்கெங்க பூசணும்னு நானே கைகாட்டி விட்டிருக்கேன், தம்பி."

நிலையத்தில் சாக்கட்டி வட்டம் என்றால் வண்டி வெளியே போகாது. அந்தப் பழக்கத்தில் கை தானாகப் போட்டுவிட்டது. இது நிலையமில்லை, அந்த வட்டங்களுக்கு இங்கே காவல் யாருமில்லை என்பது அவளுக்கு அந்த நேரம் தோன்றவில்லை. இப்போது அவளே மறுபடி போய்த் தட்டினாலும் கண்டுபிடிப்பது கஷ்டம். நிலையத்தில் புகார் எழுதிக்கொடுத்தாள். கார் சோதனைக்கு வந்தால்தான் கைவைக்க முடியும் என்றார்கள். வருவதற்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது.

மறுநாள் அந்தக் காரை அண்ணியே வாங்கிவிட்டாள்.

லாரியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். காயலான் கடையில் நசுக்கக் கொடுப்பதற்காக மட்டுமே வாங்கியிருக்கிறேன் என்று அண்ணனிடம் தெளிவாகச் சொன்னாள். பத்திரத்தில் பெயர் மாறப் பத்து நாள் ஆகும். அதுவரை ஷெட்டில் நிற்கும். பேட்டரியைக் கழற்றி நிலையத்துக்கு எடுத்துப்போய்த் தன் அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அண்ணன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். தலையாட்டிய விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

தினமும் சாயங்காலம் ஷெட்டுக்குப் போய், கூரையை மடக்கிவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்து உட்கார்ந்திருப்பான். ஒருநாள் என்னிடம், முப்பத்தொரு வருஷம் ஓட்டினவனுக்கு வண்டி என்ன சொல்கிறது என்று உட்கார்ந்த இடத்திலேயே தெரிந்துவிடும், உன் அண்ணி சுத்தியலால் தட்டித் தெரிந்துகொள்வதை நான் பின்புறத்தால் தெரிந்துகொள்வேன் என்றான். நான் சிரித்தேன். அன்றைக்குத் தூக்கம் சரியாக வரவில்லை.

ஏழாம் நாள் காலையிலிருந்து மழை. நான் டிக்கெட் வேலையாக வெளியே போயிருந்தேன். மதியம் நானும் அண்ணியும் வாசலில் ஒன்றாகத்தான் நுழைந்தோம். ஷெட்டின் காய்ந்த தரையில் இரண்டு ஈரக் கோடுகள். காரின் சக்கரங்களில் செம்மண். அந்த மண் மலைப்பாதையில்தான் உண்டு. அன்று வீட்டில் நின்ற அண்ணியின் சின்னக் காரிலிருந்த பேட்டரி இதற்குள் இருந்தது.

அண்ணன் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தான். முகம் பத்து வயசு குறைந்திருந்தது.

"உச்சி வரைக்கும் போயிட்டு வந்துட்டேன், ஆபீசரம்மா. ஒண்ணும் ஆகல. கல்லு மாதிரி வந்துச்சு."

அண்ணி வேலை உடுப்போடு அப்படியே காருக்கு அடியில் போனாள். கரும்பூச்சைச் சுரண்டும் சத்தம் கேட்டது. வெளியே வந்து என்னிடம் ஒரு விரலைக் காட்டி, அதன் நடுக்கணுவில் கட்டைவிரலை வைத்தாள். விரிசல் அவ்வளவு நீண்டிருக்கிறது. அண்ணன் அதைப் பார்த்தான். காதிலும் போட்டுக்கொள்ளவில்லை, கண்ணிலும் போட்டுக்கொள்ளவில்லை. நாளை ஒரே ஒரு தடவை, மழை விட்டதும், அதோடு சரி, பிறகு நசுக்கட்டும் என்றான்.

அண்ணி மறுபக்கம் சுற்றிப் போனாள். கதவைத் திறந்து, அந்தப் புதுப் பெல்ட் உள்ள சீட்டில் உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள்.

"நாளைக்கு எதுக்குங்க? இப்பவே போலாம்."

"மழை பெய்யுது."

"காலையிலயும் பெஞ்சுச்சு. என்னைப் பக்கத்துல வெச்சு ஓட்டணும்னுதானே இத வாங்க ஆசைப்பட்டீங்க? உட்காருங்க. உச்சி வரைக்கும் போலாம்."

அண்ணன் சிரிக்கப் பார்த்தான். அவள் நேரே முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் வந்து ஓட்டும் இடத்தில் உட்கார்ந்தான். சாவியைப் போட்டான். சாவியின் மேல் அவன் கை இருந்தது. தகரக் கூரையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. அவன் திருப்பிவிடுவானோ என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அண்ணனை எனக்குத் தெரியாது என்றே தோன்றியது. காருக்கு முன்னால் போய் நிற்கலாமா என்று யோசித்தேன். போகவில்லை.

"உனக்குப் பயமா இல்லையா?" என்று கேட்டான் கடைசியில்.

"இருக்கு" என்றாள் அண்ணி. "ஓட்டுங்க."

அவன் சாவியை உருவினான். இறங்கி, முன் மூடியைத் தூக்கி, ஸ்பேனர் தேடி எடுத்து, பேட்டரியைக் கழற்ற ஆரம்பித்தான். திருகாணி ஒன்று மக்கர் செய்தது; ரொம்ப நேரம் ஆனது. அண்ணி இறங்கவில்லை. பேட்டரி முழுக்க வெளியே வந்து தரையில் உட்காரும்வரை, பெல்ட் மாட்டியபடி அந்தச் சீட்டிலேயே இருந்தாள்.