கீழ்வீட்டில் விழுந்த வத்தகை

காலை பதினொன்று இருபதுக்கு என் மூன்று வயதுத் தம்பி பல்கனிக் கதவின் கைபிடியில் தொங்கினான். அதை நான் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தேன். கைபிடி கீழே இறங்கினால் கதவு பூட்டிக்கொள்ளும். உள்ளேயிருந்து மேலே தூக்கினால்தான் திறக்கும். வெளிப்பக்கம் கைபிடியே கிடையாது. எனக்குப் பதினொரு வயது. வீட்டில் வேறு யாரும் இல்லை. அடுப்பில் பால் இருந்தது.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டுக் கோடை அது. கொலோன் நகரத்தில் எல்லோரும் வெயிலைத் திட்டிக்கொண்டிருக்க, அப்பா மட்டும் சந்தோஷமாக இருந்தார். துருக்கிக் கடையில் வாங்கிய வத்தகப்பழத்தின், அதாவது தர்ப்பூசணியின், விதைகளை, சீமெந்து குழைக்கும் கறுப்புத் தொட்டி ஒன்றில் ஊன்றி, எங்கள் நாலாம் மாடிப் பல்கனியில் வைத்திருந்தார். கொடி கயிறு பற்றி ஏறியது. அந்த உயரத்துக்குத் தேனீ வராததால் அப்பாவே தேனீயின் வேலையைப் பார்த்தார். ஆண் பூவைப் பிடுங்கி, இதழ்களை உரித்து, பெண் பூவின் நடுவில் மெல்லத் தடவுவார். அந்த வாரம் உணவகத்தில் அவருக்கு விடியற்காலை வேலை. பூ விரியும் முன்பே புறப்பட்டுவிடுவார். எனவே தேனீப் பதவி எனக்கு வந்தது.

"பின்னால குட்டிக்காய் இருந்தா அது பொம்பிளைப் பூ. பத்து மணிக்கு முன்னம் தடவிப் போடுங்கோ. மறந்திடாதேங்கோ," என்று அப்பா சொல்லியிருந்தார்.

தொலைக்காட்சி பார்த்ததில் மறந்துவிட்டேன். நினைவு வந்தபோது தம்பி பாலுக்கு அழுதுகொண்டிருந்தான். அடுப்பைத் தொடக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. அவர் ஒரு விடுதியில் அறைகள் துப்புரவு செய்துவிட்டு ஒரு மணிக்குத்தான் வருவார். கோடை விடுமுறையில் வீட்டுக்குப் பொறுப்பு நான். பாலை வைத்தேன். சூடாவதற்குள் பூவை முடித்துவிடலாம் என்று வெளியே போனேன். தம்பி ஏற்கெனவே ஒரு பிஞ்சைப் பிடுங்கித் தின்னப் பார்த்தவன் என்பதால் கதவை இழுத்துச் சாத்தினேன். என் புத்திசாலித்தனம் அவ்வளவுதான்.

"ராசா, அந்தக் கைபிடியை மேல தூக்குங்கோ."

"ஏலாது அக்கா." அவனுக்குச் சிரிப்பு.

"தூக்கினா சொக்லேட் தருவன்."

"எங்கை? காட்டுங்கோ."

காட்டுவதற்கு என்னிடம் வத்தகைப் பூதான் இருந்தது. அவன் அதை நம்பவில்லை. சிறிது நேரத்தில் அவன் முகத்துக்குப் பின்னால் கூடம் மங்கியது. பால் கருகும் மணம் சன்னல் இடுக்கால் வந்தது. பூவாளியால் கண்ணாடியை அடித்தேன். இரட்டைக் கண்ணாடி, கீறல்கூட விழவில்லை. தெருவைப் பார்த்துக் கத்தினேன். வெயிலுக்குப் பயந்து எல்லாச் சன்னல்களுக்கும் மறைப்பு இறக்கியிருந்தார்கள்.

எங்களுக்கு நேர் கீழே தனியாக இருந்த ஜெர்மன்காரியை நாங்கள் கீழ்வீட்டு மனிசி என்போம். தொட்டியிலிருந்து ஒரு சொட்டு அவரது பல்கனிக்கு நிழலாக விரித்திருந்த வெயில்சீலையில் விழுந்தாலும், தும்புத்தடி என்ற நீள விளக்குமாற்றால் எங்கள் பல்கனிக் கம்பியில் தட்டுவார். அம்மாவுக்கு அந்தச் சத்தம் கேட்டாலே வியர்க்கும். அன்று நான் பூவாளி முழுவதையும் கீழே கவிழ்த்தேன். பதிலில்லை. மண்ணை அள்ளி எறிந்தேன். அதற்கும் பதிலில்லை. மிச்சம் இருந்தது அப்பாவின் காய் ஒன்றுதான். தேங்காய் அளவு. காம்பு முறியாதிருக்க அம்மாவின் பழைய நைலோன் காலுறைக்குள் வைத்துக் கம்பியில் கட்டியிருந்தார். வீட்டுக்கு வந்த ஒவ்வொருவருக்கும் அதைக் காட்டியிருக்கிறார். காலுறையோடு அறுத்து எறிந்தேன்.

சீலை கிழிந்தது. காய் அவருடைய பூச்சாடிகளுக்கு நடுவே விழுந்து வெடித்தது. உள்ளே வெள்ளை.

"உனக்கென்ன பைத்தியமா?" தும்புத்தடியோடு வெளியே வந்து கத்தினார்.

"தம்பி உள்ளே! புகை! கதவு பூட்டு!"

அவர் தடியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார். அதற்குப் பிறகு நடந்ததை நான் கண்ணாடி வழியாகக் கொஞ்சமும், பின்னால் கேட்டுக் கொஞ்சமும் அறிவேன். தீயணைப்புப் படைக்குத் தொலைபேசியில் சொல்லிவிட்டு மேலே ஓடி வந்திருக்கிறார். எங்கள் வாசற்கதவில் கடிதம் போடும் துவாரம் ஒன்று உண்டு. தம்பிக்கு ஜெர்மன் தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. துவாரத்தால் ஒவ்வொன்றாகத் தள்ளினாராம்: விளம்பரத்தாள், வாழ்த்து அட்டை, கைக்குட்டை, மூக்குக்கண்ணாடியின் உறை. என்னிடம் அழத் தொடங்கியிருந்த தம்பி சத்தம் கேட்டு அங்கே ஓடினான். சமையலறைப் பக்கம் திரும்பாமல், புகை இறங்காத வாசலோரம் நிலத்தில் குந்தியிருந்து, எல்லாவற்றையும் மடியில் சேர்த்துக்கொண்டிருந்தான். தீயணைப்பாளர்கள் கதவைத் திறந்தபோது அவனுக்குக் கோபம், விளையாட்டு முடிந்துவிட்டதென்று.

எனக்கு இப்போது இரண்டு பிள்ளைகள். எங்கள் பல்கனிக் கதவுக்கு வெளியிலும் ஒரு கைபிடி பூட்டுவித்திருக்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். பால் வைத்தால் அடுப்படியை விட்டு நகர மாட்டேன். எந்தக் கோடையும் அந்த மனிசிக்கு மனதால் ஒரு நன்றி சொல்லாமல் போனதில்லை. அப்பா அந்தக் காயைப் பற்றி ஒருநாளும் கேட்கவில்லை.

அன்று பல்கனிக் கதவையும் திறந்து என்னை உள்ளே எடுத்தார்கள். பாத்திரம் கரியாகியிருந்தது, நெருப்புப் பிடிக்கவில்லை. தீயணைப்பாளர் ஒருவர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு?"

"நான்," என்றார் கீழ்வீட்டு மனிசி. "காலையில் தாய் என்னிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் போனார். துணி காயப்போடக் கீழே இறங்கினேன். என் பிழை."

இல்லையே என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கை என் தோளை இறுக்கியது. உண்மை எழுதப்பட்டிருந்தால் அந்தத் தாள் யூகென்ட்அம்ட் என்ற பிள்ளைகள் நல அலுவலகத்துக்குப் போயிருக்கும், பிள்ளைகளை வீட்டிலிருந்து எடுக்கவும் அதிகாரமுள்ள அலுவலகம் அது. எங்கள் விசாவும் அப்போது ஆறு மாதத்துக்கு ஒருமுறை நீண்டுகொண்டிருந்தது. இதெல்லாம் இன்றைக்குத் தெரியும். அன்றைக்குத் தோளில் வலி மட்டும் தெரிந்தது.

பன்னிரண்டே முக்காலுக்கு அம்மா வந்தார். வாசலில் தீயணைப்பு வண்டியைக் கண்டு நாலு மாடியும் ஓடி ஏறியிருக்கிறார். வேலை மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை. தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்து, மறுகையால் என்னை இழுத்துக்கொண்டார். குறிப்புப் புத்தகம் வைத்திருந்த தீயணைப்பாளர் கேட்டார்:

"இந்த அம்மாவிடம்தான் பிள்ளைகளை விட்டுவிட்டுப் போனீர்களா?"

மொழிபெயர்க்க நான் தயாரானேன். தேவைப்படவில்லை. அம்மா கீழ்வீட்டு மனிசியின் முகத்தையே பார்த்தார். அந்த மனிசி மெல்லத் தலையசைத்தார்.

"யா," என்று ஜெர்மனில் ஆமென்றார் அம்மா. அது போதாதென்று நினைத்தாரோ என்னவோ, அந்த மனிசியின் கையைப் பிடித்துத் தமிழிலும் சொன்னார்:

"ஓம் அக்கா. உங்களிட்டைத்தானே விட்டிட்டுப் போனனான்."

அம்மா பொய் சொல்கிறார் என்பது மட்டுமே எனக்கு விளங்கியது.