நோட்டில் மட்டும் மாற்றிய சூடு

எழுபதுகளின் கடைசி. குரங்கணிக்கு மேலே ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில், பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோருக்கு நான் சூப்பர்வைசர். போடியில் படிப்பை முடித்துவிட்டு வேலைக்கு வந்த இரண்டாவது வருஷம். எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு நிறைய இருந்த வயது.

ஸ்டோருக்கு வெளியே விறகு அடுப்பு. அதன் சூடு இரும்புக் குழாய் வழியாக உள்ளே போய், தட்டுகளில் பரப்பிய காயை உலர்த்தும். சூட்டைப் பார்ப்பதற்கென்றே ஒரு பெண் இருந்தார். என் வயதுதான் இருக்கும். கால் மணிக்கு ஒருமுறை தெர்மாமீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதுவார். நூற்றிருபது டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் மணியடிப்பார். அடுப்புக்காரர் விறகை வெளியே இழுத்துவிடுவார். எந்த அளவில் மணியடிக்க வேண்டும் என்பது நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கும். அதை மாற்றுவதென்றால் அடுப்பை அணைத்து, எல்லோரையும் கூட்டிச் சொல்லி, மறுபடி பற்றவைப்பதுதான் வழக்கம்.

ஒரு மழைநாள் காலையில் முதலாளி ஜீப்பில் வந்தார். "இந்த லோடு ரொம்ப ஈரமாருக்குப்பா. நூத்திப்பத்துக்கு மேல போக விடாத. அதுக்காக அடுப்ப அமத்திராத, பாதியில குளுந்தா காய் கெட்டுப்போகும்" என்று சொல்லிவிட்டுப் போடிக்கு இறங்கிப் போனார்.

அந்தப் பெண்ணிடம் போய் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் முந்தின நாள்தான், நான் சூட்டைத் தப்பாக வாசித்ததை அவர் ஆட்கள் முன்னால் திருத்தியிருந்தார். எனக்கு அந்தக் கடுப்பு. அவர் தட்டுகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது, ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்து, 120-ஐ அடித்துவிட்டு 110 என்று எழுதினேன். மறுபடி மாட்டிவிட்டு, அவர் முகத்தைப் பார்க்காமலே வெளியே வந்தேன். மத்தியானம் வரை மணிச்சத்தமே கேட்கவில்லை. கேட்காததை நான் கவனிக்கவும் இல்லை.

சாயங்காலம் முதலாளி திரும்பி வந்து ஒரு தட்டை இழுத்தார். பச்சையாக இருக்க வேண்டிய காய் பழுப்பேறி வெடித்துக் கிடந்தது. ஆட்கள் கூடிவிட்டார்கள். நான் முந்திக்கொண்டேன். நோட்டை விரித்துக் காட்டி, "எழுதி வச்சிருக்கேன், இவங்கதான் பாக்கல" என்றேன்.

அந்தப் பெண் நோட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மொதப் பக்கம் சோலிக்குச் சேந்த அன்னைக்கு வாசிச்சது சார். அத மனசுல வச்சுத்தான் இம்புட்டு நாளும் பாக்குறேன். மாத்தும்போது அங்கனதான நின்னீக, ஒரு வார்த்த சொல்லப்படாதா?"

நான் நோட்டை மூடி ஆணியில் மாட்டினேன். மறுநாளிலிருந்து அவரைக் காய் எடுக்க மலைக்கு அனுப்பிவிட்டார்கள். அடைமழை, அட்டைக்கடி.

இரண்டு வாரம் கழித்து மறுபடி அளவை மாற்ற வேண்டி வந்தது. இந்தத் தடவை, சூடு பார்க்கப் போட்டிருந்த புது ஆளின் பக்கத்தில் போய் நின்று சொன்னேன். அவர் திருப்பிச் சொன்னார். அடுப்பு அதுபாட்டுக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அதற்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

முதலாளியிடம் தனியாகப் போய் நடந்ததைச் சொன்னேன். திட்டிவிட்டு, "அந்தப் பிள்ளைய ஸ்டோருக்கே வரச் சொல்லு" என்றார். நான் மலைக்கு ஓடிப்போய் அவரிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த வேலையை நிறுத்தவில்லை.

"அத்தன பேரு முன்னாடிதான சார் எம்மேல பழிய போட்டீக. இதையும் அவுக முன்னாடி சொல்லுங்க, வர்றேன்."

மறுநாள் காலை, வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில் எல்லோரும் நின்றார்கள். அவரும் நின்றார். "அன்னைக்கு ஸ்டோர்ல ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்தேன். யார் செய்த தப்பு என்பது மட்டும் தொண்டையைத் தாண்டவில்லை. கொஞ்ச நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தவர், கூடையை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடேறிப் போய்விட்டார். அந்த சீசன் முடிந்ததும் அவர் குடும்பம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டது.

பிறகு எந்த வேலையில் எதை மாற்றினாலும் ஆளின் முகத்தைப் பார்த்துச் சொல்லப் பழகிக்கொண்டேன். ஆனால் அன்று காலை நான் விழுங்கிய 'நான்தான்' என்ற அந்த ஒரு சொல், இத்தனை வருஷம் கழித்து இதை எழுதும்போதும் என்னைக் கூச வைக்கிறது.