ஊருணிச் செட்டியார்

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் ஆண்பிள்ளைகளின் பெயருக்கு ஏக பஞ்சம். மூத்த பேரனுக்குத் தாத்தாவின் பெயரைத்தான் வைக்க வேண்டும். தாத்தாவுக்கு மூன்று பிள்ளைகள். மூவருக்கும் முதலில் பிறந்தது ஆண். ஆக மூன்று பேருக்கும் அதே பெயர், பின்னால் அதே செட்டியார். வீடும் ஒன்று, பெயருக்கு முன்னால் போடுகிற கடை விலாச எழுத்துகளும் ஒன்று. மூவரில் இளையவருக்குத்தான் என்னைக் கட்டிக் கொடுத்தார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெயரை அந்த வீட்டுப் பெண்கள் ஒருத்தரும் வாயால் சொல்லக் கூடாது. மருமகள்கள் எங்களுக்கு அது புருஷன் பெயர். எங்கள் மாமியார்களுக்கோ அது மாமனார் பெயர். பெற்ற பிள்ளையையே 'தம்பி' என்று கூப்பிட்டுத்தான் அவர்கள் வளர்த்தார்கள். பெரியவுக, நடுவுலவுக, சின்னவுக என்று சொல்லி நாங்கள் காலத்தை ஓட்டினோம்.

மூன்று பேருமே பர்மாவில் சம்பாதித்து ஊரில் பேர் எடுத்தவர்கள். பெரியவர் கோயில் திருப்பணி செய்தார். நடுவிலவர் பள்ளிக்கூடம் வைத்தார். ஊருணி வெட்டியது என் வீட்டுக்காரர். ஆனால் அதுதான் ஊருக்குத் தெரியாது. ஊருணியில் முதல் தண்ணீர் நிறைந்தபோது அவர் கப்பலேறிப் போயிருந்தார். பெரியவர் கரையில் நின்று மாலை வாங்கிக்கொண்டார். கல்லிலும் வெறும் பெயரும் செட்டியாரும்தான் வெட்டியிருந்தது. அன்றையிலிருந்து ஊருக்குப் பெரியவர்தான் ஊருணிச் செட்டியார். அவரும் இல்லையென்று சொல்லவில்லை. அவர் மனைவி, எங்கள் பெரிய ஆச்சி, பாவம், அதை நிஜமென்றே நம்பினார்.

எனக்கு வயிறு எரிந்தது. என் வீட்டுக்காரர் ஊருக்கு வந்தபோது சொல்லிச் சொல்லி அழுதேன். எல்லாம் ஒரே பெயர்தானே, யாருக்குப் போனால் என்ன, நீ யாரிடமும் வாயைத் திறக்காதே என்று சிரித்தார். இதற்கும் ஒரு சிரிப்பா என்று எனக்குக் கோபம் வந்தது. அப்படியானால் மேலக்கரைக்குப் படியாவது கட்டிக் கொடுங்கள், குடத்தோடு இறங்குகிற பெண்கள் வழுக்கி விழுகிறார்கள் என்று பிடித்துக்கொண்டேன். அவர் திரும்பிக் கப்பலேறும் வரை விடவில்லை. அடுத்த தடவை வந்து கட்டுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் ஒரு ஆவணியில், சேலை மூட்டையோடு வீடு வீடாக வருகிற வியாபாரி அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். கீழச்சிவல்பட்டிக்காரர் ஒருவர் பர்மாவிலிருந்து வந்து காய்ச்சலில் படுத்துக் கிடக்கிறாராம். உங்கள் வீட்டுச் செட்டியார் அங்கே தவறிவிட்டார் என்று சொல்லி அனுப்பினாராம். சேலைக்காரர் பெயரையும் சொன்னார். எந்தச் செட்டியார் என்று கேட்டால் அவருக்குத் தெரியவில்லை. மூன்று பேரும் அப்போது பர்மாவில்தான் இருந்தார்கள், ஆளுக்கொரு ஊரில்.

கணக்கப்பிள்ளை காரைக்குடிக்கு ஓடித் தந்தி கொடுத்தார். பர்மாவில் அடைமழை, உள்ளே போகிற கம்பியெல்லாம் அறுந்து கிடக்கிறது என்றார்கள். பதில் இல்லை. எங்கள் பக்கத்தில் கல்யாணமானால் ஒரே வீட்டுக்குள்ளேயே தனிப் புள்ளி என்று தனிக் குடும்பக் கணக்கு, தனி அடுப்பு. அன்றைக்கு நான் உலை வைத்தேன், அரிசி போட மறந்து தண்ணீரைச் சுண்டவிட்டேன். முற்றத்துக்கு வந்தேன். உட்கார்ந்தேன், எழுந்தேன், வாசல்வரை போய்த் திரும்பினேன். எந்தத் தூணருகே போய் நின்றாலும் அங்கே இன்னொருத்தி நின்றாள். ஒருத்தி கழுத்தை ஒருத்தி பார்ப்பதும் பார்க்காததுபோல் திரும்பிக்கொள்வதுமாக இருந்தோம். அந்த வீட்டில் இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. நேரில் போய்க் கேட்டுவிடலாம் என்று நான்தான் சொன்னேன்.

விடிந்ததும் மூன்று பேரும் ஒரே வண்டியில் ஏறினோம். வழி நெடுகக் கண்ணை மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு வந்தோம். யார் என்ன வேண்டிக்கொள்கிறோம் என்பது மூவருக்கும் தெரியும். மாடு நடையைக் குறைக்கிற போதெல்லாம் எனக்கு வண்டிக்காரன்மேல் ஆத்திரமாக வந்தது. சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று பயமாகவும் இருந்தது.

அந்த மனிதர் கட்டிலில் சுருண்டு கிடந்தார். எங்களைக் கண்டதும் எழுந்து உட்காரப் பார்த்தார். என்னவென்று கேட்பது? பெயரைச் சொல்ல மூவருக்கும் வாயில்லை. சொன்னாலும் பிரயோசனமில்லை. எங்கள் வீட்டில் அந்தப் பெயரில் மூன்று பேர் இருக்கிறார்கள், போனது யார் என்று பெரிய ஆச்சி எப்படியோ கேட்டுவிட்டார்.

அவர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். "ஊருணி வெட்டினவுக, ஆச்சி" என்றார்.

பெரிய ஆச்சி அப்படியே தரையில் விழுந்து மாரில் அடித்துக்கொண்டார். நடு ஆச்சி அவரைக் கட்டிக்கொண்டு அழுதார். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். இவர் ஊர் சொல்வதைத்தானே சொல்கிறார் என்று நினைத்தேன். இத்தனை வருஷம் எந்தப் பட்டத்துக்காக வயிறெரிந்தேனோ, அது பெரியவருடையதாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அவர் மேலே பேசினார். பெரிய ஆச்சிக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் பேசினார்.

"கடைசிவரைக்கும் நாந்தேன் பக்கத்துல இருந்தேன், ஆச்சி. அவுகளுக்கு வேற நெனப்பே இல்ல. மேலக்கரைக்குப் படி கட்டணும், வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காகன்னு அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தாக."

பெரிய ஆச்சியின் காதில் அது ஏறவில்லை. அழுகை கூடத்தான் செய்தது. அந்த வீட்டுப் பெண்கள் ஓடிவந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி அவர் கொண்டையை அவிழ்க்கக் கையை வைத்தாள்.

நான் போய் அந்தக் கையை விலக்கினேன். பெரிய ஆச்சிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"அழாதீக ஆச்சி. பெரியவுக நல்லாத்தேன் இருக்காக. படி கேட்டது நான்."