வீரம்மாள் கட்டிய பிராது

அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்புக்கல் குவாரியில் அந்தக் காலத்தில் ஜோடிக்குத்தான் வேலை. புருஷன் உடைப்பான், பெண்டாட்டி சுமப்பாள். பதிவில் மட்டும் ஆம்பளை பேர். புருஷன் நல்லதம்பி கல் சரிந்து செத்ததும் வீரம்மாள் சம்மட்டியையும் தானே எடுத்துக்கொண்டாள். பேரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. அவளுக்கே தோன்றவில்லையே, பாவி மகளுக்கு!

எண்பத்திரண்டில் குவாரியை மூடினார்கள். வேலை போனவர்களுக்கு அரசாங்கம் அரை ஏக்கர் கொடுத்தது. குடியிருந்த கொட்டகையும் குவாரியோடு போய்விட்டது. வீரம்மாளுக்கும் மகள் அம்சவள்ளிக்கும் அந்த நிலத்தை விட்டால் நாதி இல்லை. ஆபீசில் என்ன சொன்னார்கள் தெரியுமா?

"நல்லதம்பி செத்துட்டாரேம்மா. செத்தவருக்கு எப்படி வேலை போகும்?"

வக்கீல் ராசாங்கம் முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போட்டார். நல்ல மனுஷன்தான். "இந்தாம்மா, வேற எங்கயும் போயி மனு கொடுத்துடாத. ஒரே வழக்க ரெண்டு எடத்துல நடத்தக் கூடாது" என்று முதல் நாளே எச்சரித்தார். அதை அவள் மனசில் இறுக்கி முடிந்துகொண்டாள்.

இரண்டு வருஷம் இழுத்தடித்து ஒரே வரியில் தீர்ப்பு வந்தது: அரசாங்கம் தருகிற நிவாரணத்தில் தலையிட இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை. அவள் பக்கம் நியாயமா அநியாயமா என்று யாரும் பார்க்கவே இல்லை.

"திருச்சியில அப்பீல் ஆபீசர் இருக்காரு. ரெண்டு மாசத்துக்குள்ள போவணும். நாளைக்கு வந்து கைநாட்டு வச்சிட்டுப் போ" என்றார் வக்கீல்.

அவள் போகவில்லை. வயிறெரிந்து நேரே விருத்தாசலத்துக்குப் பஸ் ஏறினாள். கொளஞ்சியப்பர் கோயிலில் தன் குறையைச் சாமிக்குப் பிராதாக எழுதச் சொல்லி, அந்தச் சீட்டை அங்கே முனியப்பர் சந்நிதி வேலில் கட்டிவிட்டு வந்தாள். சாமி வழக்கைத் தீர்க்க மூன்று மாசம் என்பது அங்கே கணக்கு. அதுவரை திருச்சிக்குப் போகலாமா? வழக்கு இப்போது சாமியிடம் அல்லவா இருக்கிறது! வக்கீல் ஆள் மேல் ஆள் விட்டும் அவள் அசையவில்லை.

மூன்று மாசம் கழித்து வந்து நின்றவளைப் பார்த்து ராசாங்கம் தலையில் அடித்துக்கொண்டார். "கெடு தாண்டிப்போச்சே! ஏன் வரல நீ?"

"நீங்கதானுங்க சொன்னீங்க, ரெண்டு எடத்துல நடத்தக் கூடாதுன்னு."

கெடு தாண்டியிருந்தாலும் அவர் அவளைத் திருச்சிக்குக் கூட்டிப்போனார். கெடு முடிந்த அப்பீலை எடுக்கத் தமக்கு அதிகாரம் இல்லை என்று அந்த ஆபீசரும் கையை விரித்துவிட்டார்.

மறுநாளே வீரம்மாள் மகளோடு கோயிலுக்குப் போனாள். அவள் கட்டிய சீட்டு வேலில் அப்படியே கிடந்தது.

"சாமி, ஒனக்காச்சும் அதிகாரம் இருக்கா?" என்று கேட்டாள். "இல்லேன்னா இப்பவே சொல்லிடு. இன்னொரு எடம் தேடி நடக்க எனக்குத் தெம்பு இல்ல."