கடுக்காய் ஆலையின் தொட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு சித்திரை மாதம். எனக்கும் சாந்தாவுக்கும் கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. அவளிடம் ஒரு பழைய கேமரா இருந்தது. ஆளில்லாத கட்டடம் என்றால் எவ்வளவு தூரமானாலும் போய்ப் படம் எடுப்பாள். ஜவ்வாது மலையில், புதூர்நாட்டைத் தாண்டி, ஒரு கடுக்காய் ஆலை மூடிக் கிடப்பதாக யாரோ சொல்லியிருக்கிறார்கள். கடுக்காயை உடைத்துத் தொட்டியில் ஊறவைத்து, அந்தச் சாற்றைத் தோல் பதனிடும் ஊர்களுக்கு அனுப்பி வந்த ஆலை. இப்படிப்பட்ட இடங்களைத் தேடிப் போகிறவர்கள் இப்போது பெருகிவிட்டதால் அன்று நடந்ததை எழுதி வைக்கிறேன்.

திருப்பத்தூரில் காலை ஆறரைக்கு ஜீப். புளி ஏற்றப் போகும் வண்டி. தலைக்கு நான்கு ரூபாய். மேலே போய்ச் சேர இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஓட்டுநர் அந்தோணி ஒற்றையடிப் பாதை பிரியும் இடத்தில் எங்களை இறக்கிவிட்டார்.

"மூணு மணிக்கு இதே எடத்துல நில்லுங்க. மழை வந்துட்டா நான் நிக்க மாட்டேன் சார், ரோடு வழுக்கும்" என்றார்.

வானம் வெளுத்துத்தான் கிடந்தது. இருந்தாலும் நான் அண்ணாந்து பார்த்துப் பார்த்துத்தான் நடந்தேன். (பயணத்துக்குப் பயந்தவன் ஏன் போனாய் என்று கேட்காதீர்கள். புது மனைவி.)

முக்கால் மணி நேர நடையில் ஆலை வந்தது. கூரைத் தகடுகள் பாதி பறந்திருந்தன. கொதிகலனுக்குள் செடி முளைத்திருந்தது. புகைபோக்கி மட்டும் நேராக நின்றது. "பாத்து, பாத்து" என்று நான் பின்னாலேயே போனேன்.

"நீங்க கொஞ்சம் பேசாம இருந்தா நல்லா ரெண்டு படம் எடுப்பேன்" என்றாள். நான் கொஞ்சம் தள்ளி நடந்தேன்.

மதியத்துக்கு மேல் பின்முற்றத்தில், புகைபோக்கி முழுதும் படத்தில் விழவேண்டும் என்று கேமராவைக் கண்ணிலிருந்து எடுக்காமலே பின்னால் நகர்ந்தாள். சருகுக் குவியல் என்று நினைத்த இடத்தில் மக்கிப்போன பலகைகள் இருந்திருக்கின்றன. அவை முறிந்த சத்தம் கேட்டுத் திரும்பினேன். அவளைக் காணவில்லை.

ஊறவைக்கும் தொட்டி அது. இரண்டாள் ஆழம், வழுவழுப்பான சிமென்ட் சுவர், அடியில் கறுப்பாகக் கொஞ்சம் தண்ணீர். "தலையில அடி இல்லீங்க. கால்தான் ஊன முடியல" என்றாள் கீழேயிருந்து. குப்புறப் படுத்துக் கையை நீட்டினேன், எட்டவில்லை. சட்டையையும் துண்டையும் முடிந்து இறக்கினேன். அவள் ஒற்றைக் காலில் நின்று பிடித்து இழுத்ததும் முடிச்சு அவிழ்ந்தது.

மலைக்கு அந்தப் பக்கம் இடி இடித்தது. அப்போதுதான் கவனித்தேன்: முற்றத்து வாய்க்கால் நேராக இந்தத் தொட்டியில் வந்து முடிகிறது. அவளும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போய் யாரையாவது கூட்டிட்டு வாங்க."

"உன்னத் தனியா வுட்டுட்டா?"

"ரெண்டு பேரும் மூஞ்சியப் பாத்துக்கினு இருந்து இன்னா ஆவப் போவுது? போங்க."

ஓடினேன். எந்தப் பக்கம் ஊர் என்றுகூடத் தெரியாது. புகை தெரிந்த பக்கமாகப் போனதில் ஒரு வீடு வந்தது. வாசலில் கணவனும் மனைவியும் புளி உடைத்துக்கொண்டிருந்தார்கள். என் பேன்ட்டைப் பார்த்ததும் அந்த ஆள் எழுந்து, "ஃபாரஸ்டு ஆபீசருங்களா? வூட்ல சந்தனக்கட்ட ஒண்ணும் இல்லீங்க" என்றார். எனக்கு மூச்சு வாங்கியது. "என் சம்சாரம்... ஆலைத் தொட்டியில..." என்பதற்கு மேல் வரவில்லை.

அந்த அம்மா புளியைக் கீழே போட்டார். "அந்தத் தொட்டியா? போன மழைக்கு எங்க பசு அதுலதான் வுழுந்துச்சி."

பசு என்ன ஆயிற்று என்று நான் கேட்கவில்லை.

அவர் பெயர் காசியம்மா, கணவர் கோவிந்தன். பலா மரம் ஏறும் மூங்கில் ஏணியையும் கயிற்றையும் எடுத்துக்கொண்டு எனக்கு முன்னால் ஓடினார்கள். பாதி வழியிலேயே மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வாய்க்கால் கொட்டிக்கொண்டிருந்தது. சாந்தா சுவரில் சாய்ந்து ஒற்றைக் காலில் நின்றாள். தண்ணீர் தொடைக்கு மேல்.

ஏணி முக்கால் ஆழத்துக்குத்தான் எட்டியது. கோவிந்தன் அதன் தலையைக் கயிற்றால் பக்கத்திலிருந்த கூரைத் தூணில் கட்டித் தொங்கவிட்டார். இறங்கப் போன என்னைக் காசியம்மா தள்ளிவிட்டார். "நீங்க மேல நின்னு இழுங்க, நான் போறேன்" என்று இறங்கி, "கண்ணு, என் கழுத்தக் கட்டிக்க. காலப் பத்தி நெனைக்காத" என்று அவளை முதுகில் சுமந்து ஏறினார். கோவிந்தனும் நானும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து இழுத்துப் போட்டோம்.

காசியம்மா வீட்டுப் போர்வையை மூங்கிலில் கட்டி, அதில் சாந்தாவைக் கிடத்திப் பாதை பிரியும் இடத்துக்குத் தூக்கி வந்தபோது நான்கு மணி தாண்டிவிட்டது. மழை விடவில்லை. ஜீப் அங்கேயே நின்றது, சக்கரத்துக்குக் கல் அண்டை கொடுத்து.

"போவலையா?" என்றேன்.

"ரெண்டு பேர ஏத்திக்கினு வந்தேன், புளிய மட்டும் எப்டி சார் எறக்கறது?" என்று அந்தோணி சிடுசிடுத்தார்.

கணுக்காலில் எலும்பு முறிவு. இரண்டு மாதம் மாவுக்கட்டு. ஃபிலிம் சுருளில் தண்ணீர் புகுந்து ஒரே ஒரு படம்தான் தேறியது. நான் உதவி தேடிப் போன பிறகு அவள் தொட்டிக்குள்ளிருந்து மேலே பார்த்து எடுத்தது. சதுரமாக மேகம், சுற்றிலும் விளிம்பு, ஆள் யாரும் இல்லை. அந்த நேரத்தில் எதற்கு எடுத்தாய் என்று கேட்டேன். "கை சும்மா இருந்தா அழுதுடுவேன்னு தோணிச்சி" என்றாள்.

இனிப் போகிறவர்களுக்கு: அந்த ஆலை இப்போது இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. எந்த ஆலையானாலும் கேமராவைக் கண்ணில் வைத்துக்கொண்டு பின்னால் நகராதீர்கள். பக்கத்து வீட்டில் சொல்லிவிட்டு உள்ளே போங்கள், கயிறு கொண்டுபோங்கள். இருவராக மட்டும் போகவே போகாதீர்கள். ஒருவர் விழுந்தால் ஓடுவதற்கு ஓர் ஆள் வேண்டும், விளிம்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க இன்னோர் ஆள் வேண்டும்.