மாமனார் கால் வைத்த வாளி

மருந்துக்கடைக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்றால் வீட்டின் பின்னறைதான். கம்ப்யூட்டர் சொல்கிறபடி மரம் செதுக்கும் சிஎன்சி மெஷின் ஒன்றை அங்கே தானே பாகம் பாகமாகப் பூட்டி வைத்திருந்தார். அதில் அதிகம் செய்தது வீட்டு நம்பர் பலகை. கேட்டவர்களுக்கும் கொடுத்தார், கேட்காதவர்களுக்கும் கொடுத்தார்.

ஒரே குறை, சத்தம். மரத்தைக் குடையும் பழைய ரௌட்டர் ஓடினால் சுவரில் காலண்டர் ஆடும். மனைவி பொறுத்துக்கொண்டார். மூட்டுவலிக்கு வைத்தியம் பார்க்க வந்து மகள் வீட்டிலேயே தங்கிவிட்ட மாமனார் பொறுக்கவில்லை. ரிடையரான டிக்கெட் பரிசோதகர் அவர். தன் குரலுக்கு மேலே இன்னொரு சத்தம் கேட்பது அவருக்கு ஆகாது.

"மாப்பிள்ளை, உள்ள மரத்தை அறுக்கறீங்களா, இல்ல ஆளையே அறுக்கறீங்களா?"

அதற்காகவே மருந்துக்கடைக்காரர் ரௌட்டருக்குப் பதிலாக, தண்ணீரில் குளிரும் ஸ்பிண்டில் மோட்டார் வாங்கினார். அதில் இரையும் காற்றாடி கிடையாது. தரையில் ஒரு வாளி, வாளிக்குள் சின்ன பம்ப். தண்ணீர் குழாய் வழியாக மேலே ஏறி, மோட்டாரின் சூட்டை வாங்கிக்கொண்டு வாளிக்கே திரும்பிவிடும்.

மாட்டி முடிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கனம் தாங்காமல், அதைப் பிடித்து நிறுத்தும் பழைய கிளாம்ப் வளைந்தது. புதிது போட்டு ஓட்டினால், தலைகீழாகச் சுற்றிப் பலகையைக் கருக்கியது. மோட்டாருக்குப் போகும் ஒயரில் இரண்டை இடம் மாற்றிய பிறகுதான் வழிக்கு வந்தது.

மனைவி எட்டிப் பார்த்தார். "எப்ப ஓட்டப் போறீங்க?"

"ஓடிக்கிட்டுதான் இருக்கு."

அன்றைக்கு மருந்துக்கடைக்காரரின் நடையே மாறிப்போனது.

அடுத்த ஞாயிறு ஒரு பெரிய பலகையை ஓடவிட்டிருந்தபோது கடையிலிருந்து போன் வந்தது. வாசலில் நின்று பேசிவிட்டுத் திரும்பினால், பின்னறையில் தீய்ந்த வாடை. ஸ்பிண்டிலில் கை வைக்க முடியவில்லை. தண்ணீர் ஏன் வரவில்லை என்று மெஷினுக்கு அந்தப் பக்கம் இருந்த வாளியை எட்டிப் பார்த்தார்.

மாமனார் நாற்காலி போட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, இரண்டு காலையும் வாளிக்குள் விட்டுக் கண்மூடி உட்கார்ந்திருந்தார். ஒரு குதிகால் குழாயை நன்றாக மிதித்துக்கொண்டிருந்தது.

ஓடிப்போய் எல்லா ப்ளக்கையும் பிடுங்கினார் மருந்துக்கடைக்காரர். "மாமா, என்ன பண்றீங்க?"

"வெதுவெதுன்னு இதமா இருக்கு மாப்பிள்ளை. என் கால்வலிக்கு இவ்வளவு மெனக்கெட்டிருக்கீங்க, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லல பாருங்க."

"அது மோட்டாருக்கு மாமா. உள்ள கரண்ட்டுல ஓடற பம்ப் இருக்கு."

மாமனார் ஒரு காலை எடுத்தார். யோசித்து மற்றதையும் எடுத்தார். "அப்பப்ப லேசா சுர்ருன்னுச்சு. வைத்தியம் வேலை செய்யுதுன்னு நெனச்சேன்."

மருந்துக்கடைக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். சத்தம் கேட்டு வந்த மனைவி இருவரையும் ஒரே மூச்சில் திட்டித் தீர்த்தார். "கரண்ட்டையும் தண்ணியையும் ஒண்ணா வச்சுட்டு நீங்க போன் பேசுங்க. அப்பா, வெந்நீர் வேணும்னா நான் வச்சுத் தர மாட்டேனா?"

"அடுப்புத் தண்ணி வேற, இது வேறம்மா."

ஸ்பிண்டில் பிழைத்தது. கரண்ட் கசிந்த பம்ப் குப்பைக்குப் போனது. வாளிக்குப் பதிலாக மூடி போட்ட டிரம் வந்தது, அதுவும் உயரத்தில். தண்ணீர் நின்றால் கத்துகிற அலாரம் ஒன்றும் சேர்ந்தது. ஆனால் கால் வைக்க வாளி இல்லாமல் வாடிப்போன மாமனார் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் வேலை முடிந்து ப்ளக்கைப் பிடுங்கிய பிறகு, டிரம்மில் இருக்கும் வெதுவெதுப்பான தண்ணீரை ஒரு டப்பில் பிடித்து அவர் காலடியில் வைப்பது வழக்கமானது.

போன வாரம் மனைவி, "ஞாயித்துக்கிழமை தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டு வரலாம்" என்றார்.

"மாப்பிள்ளைக்கு வேலை இருக்கு" என்றார் மாமனார்.

"என்ன வேலை?"

மாமனார் மாப்பிள்ளையைப் பார்த்தார். கையில் ஒரு வேலையும் இல்லாத மாப்பிள்ளை, "கொஞ்சம் பெரிய வேலைதான்" என்று சொல்லிவிட்டு, மரம் தேடப் பின்னறைக்குப் போனார்.