வாடிப்பட்டி வரை ஒரே மூச்சில்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மதுரையில் ஒரு மார்கழிக் காலையில் தொடங்கியது இது.

நான் சிம்மக்கல்லிலிருந்து வாடிப்பட்டி போகும் பஸ்ஸில் கண்டக்டர். டூட்டி இல்லாத காலைகளில் வைகைக் கரையோர மைதானத்தில் நண்பர்களோடு வாலிபால் ஆடுவேன். எங்களுக்குள் ஒரு பந்தயம் உண்டு. ஆட்டம் முடிந்து கொஞ்சம் உட்கார்ந்ததும், என் ரூட்டின் ஸ்டாப்புகளை ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். திணறுகிறவர் எல்லோருக்கும் டீ வாங்கித் தர வேண்டும். எனக்கு அது தண்ணீர் பட்ட பாடு. நான் ஒருநாளும் தோற்றதில்லை. அதில் கொஞ்சம் திமிரும் உண்டு.

அன்று, "சிம்மக்கல், ஆரப்பாளையம், விளாங்குடி, பரவை, சமயநல்லூர்..." அவ்வளவுதான். மூச்சு முட்டியது.

"என்ன மாப்ள, சமயநல்லூர்லயே வண்டி பிரேக்டவுனா?" என்று ஒருவன் கேட்க, ஒரே சிரிப்பு. முந்தின ராத்திரி தின்ற பரோட்டாவின் மேல் பழியைப் போட்டு டீ வாங்கிக் கொடுத்தேன். அடுத்த முறை ஆடியபோது பரவையைக்கூடத் தாண்ட முடியவில்லை.

எல்லோரும் சிரிக்க, ஜவுளிக்கடை வைத்திருக்கும் நண்பர் மட்டும் சிரிக்காமல் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். "ஆடி முடிச்சு இம்புட்டு நேரமாச்சு, இன்னும் படபடன்னு அடிக்குதேண்ணே. கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

"டீயக் குடிச்சிட்டு வாரேன்ப்பா."

"டீயெல்லாம் அப்புறம்" என்று தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போனார்.

இதயத்தின் ரத்தக் குழாயில் அடைப்பு என்று டாக்டர் சொன்னார். "ஓடும்போது இதயம் வேகமாத்தான் துடிக்கும். உட்கார்ந்ததும் அது மெல்ல அடங்கணும், அப்பத்தான் உடம்பு களைப்பிலேருந்து மீளும். உங்களுக்கு அடங்க மாட்டேங்குது" என்றார். வண்டியின் வேகத்தைப் பற்றியே பெருமைப்பட்டுக்கொண்டு பிரேக்கை மறந்திருக்கிறேன்.

அடைப்பை விரித்துவிட ஸ்டென்ட் வைத்தார்கள். முதலில் நடை, பிறகு மெல்லோட்டம் என்று மாதக்கணக்கில் பொறுமையாக இருந்தேன். ஆடலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு முதல் ஆட்டம். முடிந்ததும் எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். நான் ஆரம்பித்தேன். சமயநல்லூர் வந்தது, போனது. நகரி, தனிச்சியம் பிரிவு, ஆண்டிபட்டி பங்களா, வாடிப்பட்டி!

ஜவுளிக்கடைக்காரர் குதித்துக் குதித்து விசிலடித்தார். எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. ஜெயித்தவன் நான்தான்; ஆனாலும் அன்று எல்லோருக்கும் டீயும் வடையும் நானே வாங்கிக் கொடுத்தேன்.

இப்போதும் பஸ் சமயநல்லூரில் நிற்கும்போதெல்லாம் அந்தக் கேலிச் சிரிப்பு காதில் விழும். கேலி செய்யவும் கையைப் பிடித்துப் பார்க்கவும் நாலு பேர் பக்கத்தில் இருந்ததால்தான் இந்த ரூட்டில் இன்னும் விசில் ஊதிக்கொண்டிருக்கிறேன்.